எந்தச் சாவி?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அரசு நடத்திவந்த மாற்றுத்திறனாளிகள் குழு இல்லங்களை 2019-ல் ஐந்து உள்ளூர் சேவை நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டவர்கள் அரசைவிட நன்றாக நடத்திவிடுவார்களா? இது தனியார்மயம் இல்லையா?
– ஒரு வாசகர், மெல்போர்ன்

பதில்: எந்தச் சாவியைச் சொல்கிறீர்கள்? வாசல் சாவியா, மருந்து அலமாரிச் சாவியா, ஃபிரிட்ஜ் சாவியா?

சிரிக்காதீர்கள், சில இல்லங்களில் ஃபிரிட்ஜுக்கும் பூட்டு உண்டு. பிராடர்-வில்லி போன்ற குறைபாடு உள்ளவருக்குப் பசி அடங்கவே அடங்காது. விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பூட்டுகிறார்கள். ஆனால் பூட்டிய நிமிடத்திலிருந்து அது என்.டி.ஐ.எஸ். (ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம்) 2018 விதிகளின்படி ‘கட்டுப்பாட்டு நடவடிக்கை’. தனி அறையில் அடைப்பது, மருந்தால் அடக்குவது, கருவியால் கட்டுவது, ஆள்பிடித்து அழுத்துவது, பொருளையோ இடத்தையோ அணுகவிடாமல் மறிப்பது என்று மொத்தம் ஐந்து வகை. ஃபிரிட்ஜ் பூட்டு ஐந்தாவது. நடத்தை ஆதரவுத் திட்டத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும், அனுமதி வேண்டும், மாதாமாதம் என்.டி.ஐ.எஸ். கண்காணிப்பு ஆணையத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் பூட்டினால், யாருக்கும் தீங்கு நேராவிட்டாலும், ஐந்து வேலை நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். நிறுவனம் மாறும்போது பூட்டு வீட்டோடு வந்துவிடும், காகிதம் வராது. புதியவர்கள் தங்கள் பெயரில் அதை வாங்கியாக வேண்டும். அதுவும் போக, அதே வீட்டில் இருக்கும் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் கையில் ஆளுக்கொரு சாவி இல்லையென்றால் அவர்களையும் சேர்த்தே பூட்டியதாக அர்த்தம்.

ஒப்படைப்பில் முதலில் வந்து சேர்வது எது தெரியுமா? லோகோ. வேனில் லோகோ, டி-ஷர்ட்டில் லோகோ, பேனாவில்கூட லோகோ. மருந்து அட்டவணை அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். லோகோக்களோடு எனக்குள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். வடிவமைப்பாளர் ஒருவர் இந்தப் பக்கத்தைப் படிப்பதையே நிறுத்திவிட்டதாக ஒவ்வொரு இதழையும் படித்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

குறிப்பேட்டில் ‘தண்ணீர் கொஞ்சம் கெட்டியாக’ என்று மட்டும் எழுதிவைத்திருந்தால் விழுங்கச் சிரமப்படுபவருக்குப் புரையேறி நுரையீரல் கெட்டுப்போகலாம். கெட்டியாக என்றால் எவ்வளவு? உணவு, பானங்களின் கெட்டித்தன்மைக்கான சர்வதேச அளவுகோலான ஐ.டி.டி.எஸ்.ஐ.யின்படி 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி 10 விநாடி வடியவிட்டபின் 4 முதல் 8 மில்லி மிஞ்சினால் அது 2-ம் நிலை. கொஞ்சமாவது வடிந்து 8-க்கு மேல் தங்கினால் 3-ம் நிலை. நிலை எண்ணை எழுதுங்கள், போதும். பேசத் தெரியாத ஒருவர் வலி வந்தால் காதைத் திருகிக்கொள்வார் — இதெல்லாம் எந்தக் கோப்பிலும் முழுதாக ஏறாது. பத்து வருடம் கூட இருந்த ஊழியருக்குத்தான் தெரியும். ஆகவே புது ஆள் பழைய ஆளோடு சேர்ந்து ஷிஃப்ட் பார்க்க வேண்டும். பகலில் மட்டும் பார்த்தால் போதாது. இரவு, ஞாயிறு, சாப்பாட்டு நேரம் எல்லாமே அதில் வர வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் தன் இல்லங்களைக் கைமாற்றியபோது நிரந்தர ஊழியர்களுக்கு இரண்டு ஆண்டு வேலை உத்தரவாதம் தந்தது. மூன்றாம் ஆண்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அரசுச் சம்பளம் போனால் அனுபவமும் வேறு வேலை தேடிப் போய்விடும்.

உள்ளூர் என்கிறீர்கள். அந்த ஐந்தில் மெல்பாவும் ஸ்கோப்பும்தான் முழுக்க விக்டோரியாவில் பிறந்தவை; லைஃப் வித்தவுட் பேரியர்ஸின் தலைமையகம் நியூகாசிலில், பாசபிலிட்டியின் பூர்வீகம் டாஸ்மானியா. ஐந்துமே லாபநோக்கற்றவை, எனவே தனியார்மயம் என்று கோஷம் போட்டால் பாதிதான் பொருந்தும்.

அதைவிட, உங்கள் உறவினர் யாராவது அந்த இல்லங்களில் இருந்தால் அவருக்காக ஒன்று கேட்டுப் பாருங்கள்: குடியிருப்புக்கு ஓர் ஒப்பந்தம், ஆதரவுப் பணிக்கு வேறோர் ஒப்பந்தம் என்று தனித்தனியாக இருக்கின்றனவா? என்.டி.ஐ.எஸ். இரண்டுக்கும் வெவ்வேறாகத்தான் பணம் தருகிறது. பிரித்து வைத்திருந்தால் பிடிக்காத நிறுவனத்தை மாற்றலாம், வீட்டைக் காலிசெய்ய வேண்டியதில்லை.