வீட்டுக் கணினியில் யூசர் கணக்குகள்: நீக்கும் முன்னும் பின்னும்

வீட்டில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் கணக்குகளைப் பராமரிப்பது, நீக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியவை.

கேள்வி: அண்ணன் தனிக்குடித்தனம் போய்விட்டார். அவர் கணக்கு இனி தேவையில்லை. எங்கே போய் நீக்குவது?

பதில்: செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ். (விண்டோஸ் 10-இல் ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ் என்று இருக்கும்.) அவர் பெயரைத் திறந்து ரிமூவ் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அடுத்து வரும் எச்சரிக்கையை வாசிக்காமல் அழுத்தாதீர்கள். கணக்கோடு அதன் தரவும் அழியும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாமே அதில் அடக்கம். ரீசைக்கிள் பின்னில் போய்த் தேடினாலும் கிடைக்காது.

டிஸ்கில் இட நெருக்கடி இல்லையென்றால் அவசரமே வேண்டாம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீக்க ஒரு நிமிடம் போதும், இழந்த படத்தை மீட்க ஒரு வழியும் இல்லாமல் போகலாம்.

கேள்வி: கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கும்போது கீப் ஃபைல்ஸ் என்று ஒரு வழி வருகிறதே, அது போதாதா?

பதில்: பாதி போதும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பாட்டு, படம், வீடியோ போன்றவற்றை எடுத்து உங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வைத்துவிடும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் இல்லை. மின்னஞ்சல் மென்பொருள் சேமித்த கடிதங்களும், பிரௌசர் புக்மார்க்குகளும் வராது. மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் மட்டும் இருந்து கணினிக்கு இறங்காத கோப்புகளையும் நம்ப முடியாது. அதனால் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அவர் பெயரில் இருப்பதை முழுவதும் ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுப்பதுதான் என் வழக்கம். எடுத்த நகலிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்ப்பேன். அதன் பிறகே நீக்குவேன்.

கேள்வி: அப்பா சமீபத்தில் தவறிவிட்டார். குடும்பப் படங்கள் எல்லாம் அவர் கணக்கில் இருக்கின்றன. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. என் கணக்கு அட்மின், அதாவது கணினி முழுவதையும் நிர்வகிக்கும் உரிமை உள்ளது. அவர் பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். தயவுசெய்து பாஸ்வேர்டை இப்போதே மாற்ற வேண்டாம். லோக்கல் கணக்கு (மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையாமல் அந்தக் கணினியில் மட்டும் இருப்பது) ஒன்றின் பாஸ்வேர்டை வேறொரு அட்மின் மாற்றினால், அந்தக் கணக்கில் விண்டோஸ் பூட்டி வைத்திருக்கும் சேமித்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸ் மூலம் என்கிரிப்ட் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) கோப்புகளும் திறக்க முடியாமல் போகும். அவற்றின் சாவி பழைய பாஸ்வேர்டோடு பிணைந்தது.

படங்களை எடுக்க அந்தப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. உங்கள் கணக்கில் நுழைந்து, யூசர்ஸ் ஃபோல்டரில் அப்பா பெயரைத் திறங்கள். அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும், கன்டினியூ கொடுங்கள். அட்மின் என்பதால் கொஞ்ச நேரத்தில் திறந்துவிடும். முழு ஃபோல்டரையும் இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஒன்டிரைவ் என்ற உள் ஃபோல்டருக்குள்ளும் பாருங்கள். பல கணினிகளில் டெஸ்க்டாப்பும் படங்களும் அங்கேதான் இருக்கும். கணக்கை நீக்குவதை அடுத்த வருடம் யோசித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

கேள்வி: ரிமூவ் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

பதில்: உங்கள் கணக்கு ஸ்டாண்டர்டு வகையாக இருக்கலாம், அட்மினால் மட்டுமே நீக்க முடியும். நீங்கள் நுழைந்திருக்கும் கணக்கையே நீக்கவும் வழியில்லை.

கேள்வி: கணினியை முதலில் தொடங்கியது என் பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கில். அதை எடுத்துவிட்டுப் புதியதற்கு மாறினால் சிக்கல் வருமா?

பதில்: நல்லவேளை, முன்பே கேட்டீர்கள். பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதன் ரெகவரி கீ, 48 இலக்க எண், பெரும்பாலும் முதலில் நுழைந்த அட்மினின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆன்லைனில் கிடக்கும். என்றைக்காவது நீல நிறத் திரையில் அந்த எண்ணைக் கேட்கும்போது அது கையில் இல்லையென்றால் மொத்த டிஸ்க்கும் பூட்டியதுதான். எண்ணை இப்போதே காகிதத்தில் எழுதி வையுங்கள். அப்புறம் புதிய கணக்கை அட்மின் ஆக்கி, அதில் ஒருமுறை நுழைந்து எல்லாம் சரியாக ஓடுகிறதா பார்த்துவிட்டுப் பழையதை எடுங்கள். கணினியிலிருந்து எடுப்பதால் ஆன்லைன் கணக்கோ மின்னஞ்சலோ அழியாது.

கேள்வி: கணக்கு போய்விட்டது, ஆனால் அதன் ஃபோல்டர் 40 ஜிபி அளவில் அப்படியே நிற்கிறது. டெலீட் செய்துவிடட்டுமா?

பதில்: கையால் அழித்தால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு மிஞ்சும். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து யூசர் ப்ரொஃபைல்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே அக்கவுண்ட் அன்னோன் என்று ஒரு வரி இருக்கும். தேவையான கோப்புகளை எடுத்த பிறகு அங்கிருந்து நீக்கினால் ஃபோல்டரும் பதிவும் சேர்ந்தே போகும். இன்னொன்று: அதே பெயரில் மறுபடி கணக்கு தொடங்கினாலும் விண்டோஸுக்கு அது புது ஆள்தான். ஒவ்வொரு கணக்கையும் அது ஒரு தனி அடையாள எண்ணால்தான் அறிகிறது, பெயரால் அல்ல.

கேள்வி: வீட்டில் நாலு பேரும் அட்மினாக இருக்கிறோம். மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயம். அட்மினுக்கு ஒரு மென்பொருளை நிறுவ ‘யெஸ்’ என்று ஒரு க்ளிக் போதும். ஸ்டாண்டர்டு கணக்காக இருந்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். குழந்தை ஏதோ ஒரு விளையாட்டைத் தேடி அதில் ஒட்டிக்கொண்டு வரும் வைரஸை நிறுவப் போகும்போது அந்த ஒரு கேள்விதான் தடுக்கும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். என் வீட்டில் நான் தினமும் பயன்படுத்துவதே ஸ்டாண்டர்டு கணக்குதான். அட்மின் தனியாக ஒன்று, அதன் பாஸ்வேர்டு வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவருக்கு மறந்தாலும் இன்னொருவர் இருக்கிறார்.

கேள்வி: மேக்கிலும் லினக்ஸிலும் இதே முறைதானா?

பதில்: மேக்கில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதியில் நீக்கும்போது மூன்று வழிகள் கேட்கும்: அவருடைய கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை ஒரு டிஸ்க் இமேஜாக (எல்லாவற்றையும் அடக்கிய ஒரே கோப்பாக) வைப்பது, அப்படியே விடுவது, அழிப்பது. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் செட்டிங்ஸ் வழியாக நீக்கும்போது கோப்புகளை வைத்துக்கொள்ளவா என்று அதுவே கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு, பிறகு நிதானமாகப் பிரித்துப் பாருங்கள்.