700 வெள்ளியில் பேசிக் எவ்வளவு, தம்பி?

தம்பி, நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். காரைக்குடியில் ஐடிஐ முடித்திருக்கிறாய், சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட் வருகிறது. மாதம் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தினம் 12 மணி நேரம், ஞாயிறும் வேலை உண்டு, ஓவர்டைம் தனி, அள்ளலாம் என்று ஏஜண்ட் சொல்கிறார். இதெல்லாம் சட்டப்படி சரியா, ஓவர்டைமை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறாய். நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன். 2006-ல் இதே பெர்மிட்டில்தான் வந்தேன். லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனவன், இன்றைக்கு சூப்பர்வைசராக மற்றவர்களின் மணிக்கணக்கில் கையெழுத்துப் போடுகிறேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் நான் உன்னை ஒன்று கேட்கிறேன். 700 வெள்ளி என்கிறாரே, அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு?

இதை ஏஜண்டிடம் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்பா" என்பார். ஒன்று இல்லை. இங்கே ஓவர்டைம் பேசிக் சம்பளத்தின் மேல்தான் ஏறும். சாப்பாட்டு அலவன்ஸ், தங்குமிட அலவன்ஸ் எதன்மேலும் ஏறாது. பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணியையும் பெருக்கி வருகிற 2,288-ஆல் வகுக்க வேண்டும். அது ஒரு மணி நேரச் சம்பளம். அதில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். 700-ம் பேசிக்காக இருந்தால் ஓவர்டைம் மணிக்கு ஏறத்தாழ 5 வெள்ளி 50 காசு. அதே 700-ஐ 500 பேசிக், 200 அலவன்ஸ் என்று பிரித்து எழுதினால் மணிக்கு 3 வெள்ளி 93 காசு. மாதம் 72 மணி ஓவர்டைம் பார்த்தால் வித்தியாசம் 113 வெள்ளி. இரண்டு வருஷ பெர்மிட்டுக்கு 2,700 வெள்ளிக்கு மேல். அதே வேர்வை, அதே வெயில்.

அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஏஜண்டின் வாய் தேவையில்லை. நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் மனிதவள அமைச்சு கொடுக்கிற ஐபிஏ கடிதம், அதாவது பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம், உன் கைக்கு வர வேண்டும். தமிழிலும் அது உண்டு, கேட்டு வாங்கு. பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். நீ எழுத்தில் சம்மதிக்காமல் பிறகு அதைக் குறைக்க முடியாது. அதனால்தான் இங்கே வந்து இறங்கிய மறுநாளே ஏதாவது ஆங்கிலக் காகிதத்தை நீட்டி "சும்மா ஒரு சைன்" என்றால் பேனாவை எடுக்காதே.

அடுத்து மணிக்கணக்கு. சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 44 மணி நேரம். பெரும்பாலான சைட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு எட்டாக, சனிக்கிழமை நாலு மணி நேரம். அதாவது சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நீ பார்ப்பதெல்லாம் ஓவர்டைம். வாரம் ஐந்தே நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வரை போகலாம், ஆனால் 44 மாறாது. இடைவேளை இல்லாமல் 6 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது.

ஓவர்டைமுக்கு உச்சவரம்பு மாதம் 72 மணி. இப்போது உன் ஏஜண்டின் கணக்கைப் பார். தினம் 12 மணி, அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணியைக் கழித்தால் 11. ஆறு நாளைக்கு 66. அதில் 44 போக வாரத்துக்கு 22 மணி ஓவர்டைம். நாலு வாரத்துக்கு 88. தனி அனுமதி வாங்காத கம்பெனி என்றால் அவர் ஆசை காட்டுகிற வேலை நேரமே சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அப்படி வரம்பு தாண்டி வேலை வாங்கினால், தாண்டிய மணிகளுக்கும் ஒன்றரை மடங்கு கொடுத்தே ஆக வேண்டும். 72-ஐத் தாண்டிய மணிகளுக்கு வேறு ஒரு பெயர் வைத்து, குறைந்த காசில் முடித்துவிடுகிற தந்திரம் உண்டு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஊரில் இருந்தபோது காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு கடையில் இரண்டு வருஷம் நின்றேன். காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு ஒன்பதரை. உட்கார்ந்தால் முதலாளி பார்ப்பார். கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-ல்தான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதியிருந்தது. அது தொழிற்சாலைக்குத்தான், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. இங்கே ஒன்றரை மடங்குதான். ஆனாலும் கேட்டால் கிடைக்கிற ஒன்றரை.

ஞாயிற்றுக்கிழமைதான் நிறையப் பேர் ஏமாறுகிற இடம். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்த நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஓய்வு நாளில் கம்பெனி உன்னைக் கேட்டு வேலைக்கு அழைத்தால், அரை நாள் வரைக்கும் ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். எட்டு மணியைத் தாண்டியதற்கு ஓவர்டைம் தனி. 700 பேசிக்குக்கு, ஆறு நாள் வேலை வாரத்தில், ஒரு நாள் சம்பளம் சுமார் 27 வெள்ளி. அப்போ ஒரு முழு ஞாயிறு சுமார் 54 வெள்ளி. ஆனால் "நானே வேலை கேட்டேன்" என்று இருந்தால் அதில் பாதிதான்.

இந்தப் "பாதி"யில் நான் மாட்டியிருக்கிறேன். முதல் கம்பெனியில் மாதக் கடைசியில் ஒரு காகிதம் வரும், வரிசையாக எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஒன்பது மாதம் கழித்து, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரு திருப்பத்தூர்க்காரர் எங்கள் அறைக்கு வந்தார். அவர்தான் வாசித்துச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை வேலை தரும்படி நாங்களே பணிவோடு கேட்டுக்கொள்கிறோமாம். ஒன்பது மாதமும் பணிவோடு கேட்டிருக்கிறோம்! அவர் கத்தவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் "கம்பெனி அழைத்தது" என்று எழுதச் சொன்னார். மூன்று மாதத்தில் அந்தக் காகிதம் வருவது நின்றுபோனது.

அந்த மனிதர்தான் எனக்கு நோட்டுப் போடவும் பழக்கினார். பழக்கினார் என்பது கூடத் தப்பு, நமக்கு அது ரத்தத்தில் இருக்க வேண்டியது. ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போட்டுப் பார்க்காமல் தூங்காத ஊர் நம்முடையது. என் தாத்தா இதே சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கிய கிட்டங்கி ஒன்றில் சமையல் செய்தவர். அவருக்கு மணிக்கணக்கே கிடையாது, 3 வருஷம் முடிந்து கப்பல் ஏறும்போதுதான் மொத்தமாகக் கணக்குத் தீரும். ஆனால் எந்த நாள் எத்தனை பேருக்குப் பொங்கினோம் என்று ஒரு சிட்டை வைத்திருந்தாராம். நீயும் ஒரு சிட்டை வை. தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எந்த சைட், யார் சூப்பர்வைசர். தினம் இரவு இரண்டு வரி. கைபேசியில் டைம் கார்டைப் படம் எடு. 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கம்பெனியும் விவரமான சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும், ஓவர்டைம் மணியும் காசும் அதில் தனியாக இருக்க வேண்டும். உன் சிட்டையையும் அந்தச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. மேலே சொன்னேனே, வேறு பெயர் வைக்கிற தந்திரம், அது அப்போதுதான் கண்ணில் படும். மாதச் சம்பளம் 7 நாளுக்குள், ஓவர்டைம் காசு 14 நாளுக்குள் வர வேண்டும்.

வரவில்லை என்றால்? டிஏடிஎம் என்று ஒரு சமரச அமைப்பு 2017 முதல் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டால் 6 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அங்கே முடியாவிட்டால் தீர்ப்பு மன்றத்துக்குப் போகும், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நிறையப் பேர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு இருந்தவர்களிலேயே ஒருவர் திரும்பிப் போனார். ஏஜண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவனுக்கு அந்தப் பயம் இன்னும் பெரிசு. ஆகவே கடன் எவ்வளவு வாங்குகிறாய் என்பதும் ஓவர்டைம் கணக்கில் சேர்த்திதான்.

வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. உன் சித்தி மகள் வருவதாகச் சொன்னாயே, அவளுக்கு வேறு விதிகள், தனியாக எழுதுகிறேன். இன்னொரு வேடிக்கை, உடலுழைப்புத் தொழிலாளியாக இல்லாதவர்களுக்கு மாதம் 2,600 வெள்ளியைத் தாண்டினால் ஓவர்டைம் உரிமை சட்டத்தில் இல்லை. உனக்கு அந்த வரம்பு 4,500. ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பை மூடுகிற ஐடி பையனுக்கு இல்லாதது, ஹெல்மெட் போட்ட உனக்கு இருக்கிறது.

பொது விடுமுறை வருஷத்துக்கு 11 நாள், தீபாவளி அதில் உண்டு. அன்றைக்கு வேலை பார்த்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதல். தைப்பூசம் கிடையாது, 1968-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி பழனிக்குப் போகிற நேரத்தில் நீ இங்கே கம்பி கட்டிக்கொண்டிருப்பாய். டேங்க் ரோட்டில் செட்டியார் கோயிலுக்குப் போக வேண்டுமானால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை எடு. முதல் வருஷம் 7 நாள், மூன்று மாதம் வேலை பார்த்த பிறகு கிடைக்கும்.

ஏஜண்டிடம் மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஐபிஏ கடிதத்தில் பேசிக் எழுதியிருக்கிற இடத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இங்கே இரவு 9 மணிக்கு மேல் போனை எடுப்பேன், அப்போது உங்களுக்கு ஆறரை மணி.