வயலோரம் ஒரு காபி

அன்புள்ள அண்ணனுக்கு,

வடக்கு தாய்லாந்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எங்களுக்கும் போகவேண்டும் என்று ஆசை. பிள்ளைகளுக்கு ஏப்ரலில் லீவு. சியாங் மாயில் மூன்று நாள், அப்புறம் ‘நான்’ மாகாணத்தில் புவா என்ற ஊரில் நான்கு நாள் என்று போட்டிருக்கிறோம். வயலுக்கு நடுவே இருக்கும் கஃபேக்களுக்காகவே இந்தப் பயணம். மேப்பில் பதினான்கு கடைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எதைத் தவறவிடக் கூடாது? கார் எடுப்பதா, ஸ்கூட்டரா? நாங்கள் சைவம், சமாளித்துவிடலாமா?

ஒரு உறுத்தலும் இருக்கிறது. சோறு போடும் நிலத்தில் மூங்கில் பாலம் கட்டி, போட்டோ எடுக்க ஆள் வரவழைப்பது விவசாயத்தையே கேலி செய்வது மாதிரி இல்லையா? அப்பாவையும் கூப்பிட்டேன். "வயலைப் பாக்க பிளேன் ஏறணுமாக்கும்" என்று சொல்லிவிட்டார். நிலத்தை விற்றதிலிருந்து அவர் வயல் பக்கமே போவதில்லை.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வேறு கடிதமாக இருந்தால் ‘போய் வாருங்கள், நன்றாக இருக்கும்’ என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அந்த மூங்கில் பாலம் பற்றிய வரி என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. அதற்கு முன் ஒரு திட்டு பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன்.

ஏப்ரலிலா? வயலைப் பார்க்கப் போகிறவர் ஏப்ரலிலா போவார், தாயே! அதுவும் தஞ்சாவூர் மண்ணில் விவசாயி மகளாகப் பிறந்தவர். வடக்கு தாய்லாந்தில் பெரும்பாலும் மழையை நம்பிய ஒரு போகம்தான். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் நடவு, நவம்பரில் அறுப்பு. ஏப்ரலில் அறுத்த தாள் காய்ந்து கிடக்கும். போதாததற்குப் புகை. பிப்ரவரியிலிருந்தே மலைச்சரிவுகளில் மக்காச்சோளத் தட்டையையும் காட்டுச் சருகையும் கொளுத்துவார்கள். பர்மா, லாவோஸ் புகையும் வந்து சேர்ந்துகொள்ளும். 2023 மார்ச்சில், உலகிலேயே காற்று மிக மோசமான நகரம் என்று சியாங் மாய் முதலிடத்துக்கு வந்த நாட்கள் உண்டு. எதிரே இருக்கும் மலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளை இருமவைக்கவா டிக்கெட் போடுகிறீர்கள்?

அந்தப் பக்கம் விளைவது பெரும்பாலும் ஒட்டரிசி, வெந்தால் பசைபோல ஒட்டிக்கொள்ளும் அரிசி. ஆர்.டி.6 என்று ஒரு ரகம், மல்லிகை அரிசியில் கதிர்வீச்சு செலுத்தி உண்டாக்கி 1977இல் வெளியிட்டார்கள். பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். முன்னே நட்டாலும் பின்னே நட்டாலும் கதிர் வருவது அக்டோபரில். நம் பழைய சம்பா ரகங்களுக்கும் இதே குணம்தானே? அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார். ஆகவே பச்சை வேண்டுமானால் செப்டம்பர், மஞ்சள் வேண்டுமானால் அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம். ஆகஸ்டில் வெள்ளம் வரலாம். 2024 ஆகஸ்டில் ‘நான்’ மாகாணத் தலைநகரமே தண்ணீரில் நின்றது. தீபாவளியை ஒட்டி நாலு நாள் கூட லீவு போடுங்கள், பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிவிடாது.

இனி அந்த உறுத்தல். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. விவசாயி என்றால் நெல் மட்டும்தான் விற்கவேண்டும், அதையும் நஷ்டத்துக்கு விற்கவேண்டும், அப்போதுதான் அவர் கடவுள். வரப்போரம் பத்து நாற்காலி போட்டுவிட்டால் கேலியா? சரி, கணக்குப் போடுவோம். அங்கே நில அளவு ராய். ஒரு ராய் 1600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய நாற்பது சென்ட். தாய்லாந்தின் சராசரி விளைச்சல் ராய்க்கு 450 கிலோ அளவில். கிலோவுக்குப் பத்து பாட் (அவர்கள் நாணயம்) என்று வைத்தால் 4,500 பாட். ஒரு காபி அறுபது பாட் என்றால் எழுபத்தைந்து காபி. நாற்பது சென்ட் நிலத்தில் ஒரு போகம் முழுக்கப் பாடுபட்டது எழுபத்தைந்து கப்! இதில் உழவுக்கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எதையும் நான் கழிக்கவில்லை. (காபிக்கடைக்கும் செலவு உண்டு, தெரியும். ஆனால் அது தினமும் திறக்கிறது.) அரசாங்கம் கைதூக்கிவிடும் என்றும் இருந்துபார்த்தார்கள். 2011இல் டன்னுக்கு 15,000 பாட் கொடுத்து அரசே நெல்லை வாங்கத் தொடங்கியது. 2014இல் கொடுத்த நெல்லுக்குப் பணம் வராமல் விவசாயிகள் தெருவுக்கு வந்து நின்றார்கள்.

புவாவில் ஒரு சின்னக் கடை. மரப்பலகைத் தளத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் கீழே கதிர் இடிக்கும். ஒரு அம்மா, அகல ஓலைத்தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்த பெண் குரல் கொடுத்ததும் அரிவாளை வரப்பிலேயே குத்திவைத்துவிட்டு மேலே வந்தார். குழாயடியில் கால் சேற்றைக் கழுவினார், ஏப்ரன் கட்டினார், என் காபியையும் அதோடு ஒரு தம்ளர் சூடான தேநீரையும் கொண்டுவந்து வைத்தார். நிலம் அவருடையது. கல்லாவில் இருந்தது மகள், பாங்காக்கில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவர்களுடைய மூங்கில் பாலத்தை நன்றாகப் பார்த்தேன். நடுவில் ஒரு பாகத்தில் மட்டும் ஆணி கிடையாது, கயிற்றுக்கட்டு. எதற்கு என்றேன். அறுவடை மிஷின் வரும்போது அவிழ்த்துத் தூக்கிவிடுவோம் என்றாள். பாலத்துக்காக நெல் அங்கே காத்திருப்பதில்லை.

கேலி என்று சொல்லும் அந்தப் பாலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மே ஹோங் சோன் பக்கம் சூ தோங் பே என்று ஒரு மூங்கில் பாலம், சுமார் ஐநூறு மீட்டர். பிக்குகள் சேற்றில் இறங்காமல் ஊருக்குள் பிச்சைக்கு வந்துபோக, கிராமத்தாரும் பிக்குகளும் சேர்ந்து கட்டியது. வயல்காரர்கள் தங்கள் நிலத்தில் பாலத்தின் கால்களை நட இடம் விட்டார்கள். கஃபேக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். செய்யட்டுமே.

நான் சொல்லவருவது ஒன்றுதான். வயலைக் காட்டிக் காபி விற்கிறவர் அடுத்த ஜூலையில் மறுபடி நட்டாகவேண்டும். நெல் இல்லையென்றால் அவருக்குக் கடை இல்லை. அந்த நிலம் நிலமாகவே இருக்கும். உங்கள் அப்பா விற்ற நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மஞ்சள் கல் நட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அதை விற்கும்போது அவரைக் கேலி செய்ததாக யாரும் வருத்தப்படவில்லை. அவருக்குக் கட்டுப்படியாகவில்லை, விற்றார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் கட்டுப்படியாக ஒரு வழி கண்டுபிடித்தவர்களையும் நாம் குற்றம் சொன்னால் எப்படி?

எல்லாக் கடையும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். பாதி வயலை மண்ணடித்து மேடாக்கி, கார் நிறுத்தவும் செயற்கை அருவிக்கும் கொடுத்த இடங்களும் உண்டு. நிறுத்துமிடம் வயலைவிடப் பெரிதாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். பதினான்கை நாலாகக் குறையுங்கள். நெசவுக்கடையை ஒட்டிய தாய் லூ கஃபேவுக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள், காலையிலேயே. எந்தக் கடையிலும் மணீபுரூக் மலைக் காபி இருக்கிறதா என்று கேளுங்கள். மக்காச்சோளத்துக்காக மொட்டையடிக்கப்பட்ட மலைகள் நிறைந்த மாகாணம் அது, நிழலில் வளரும் காபிக்கு நாலு காசு போவது நல்லது. பிள்ளைகளோடு ஸ்கூட்டர் கூடவே கூடாது. கார்தான், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். நம்மைப்போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். தோய் பூ கா மலை ஏறி போ குளுவா போய்வாருங்கள். கிணற்று உப்புநீரை இன்றும் பெரிய வாணலிகளில் காய்ச்சி உப்பெடுக்கும் ஊர்.

அப்பாவைக் கெஞ்சாதீர்கள். அந்த ஆர்.டி.6 விஷயத்தைக் காதில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இயந்திரம் எந்த அளவு தாள் விட்டு அறுக்கிறது என்று பார்க்கவாவது வருவார்.

சைவம் என்றால் ‘ஜே’ என்று சொல்லுங்கள். சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி தொங்கினால் அந்தக் கடையில் முட்டை, மீன் சாறு எதுவும் சேராது, பூண்டுகூடக் கிடையாது. காலைச் சந்தையில் ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலோடு மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்டு விற்பார்கள். மலை ஏறுவதற்கு முன் அதை நிறைய வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், மேலே கடை அதிகம் இல்லை.