மம்மியில் இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே ஏன் விட்டார்கள்?

பண்டைய எகிப்தியருக்கு அறிவும் நினைவும் குடியிருந்த இடம் இதயம்தான். இறந்தபின் மறுமையின் கடவுளான ஒசைரிஸ் முன்னிலையில் அதை, உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாத் தேவியின் இறகோடு தராசில் வைப்பார்கள். பாவத்தால் கனத்தால் அம்மித் என்ற முதலைத்தலைப் பிராணி விழுங்கிவிடும், மறுமை கிடையாது. இதயமே எசமானுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாதே என்று, மந்திரம் பொறித்த கல் வண்டு ஒன்றையும் மார்பில் வைத்தார்கள். தராசைவிட இந்த முன்னேற்பாடுதான் எனக்குச் சுவாரசியம்!

மூளைக்கு அந்த மரியாதை இல்லை. மூக்கு வழியே கொக்கி விட்டு எடுத்து எறிந்துவிடுவார்கள். இடது விலாவுக்குக் கீழே கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்துத் தனித்தனி ஜாடிகளில் வைப்பார்கள். பிறகு உடலை உலர்ந்த நேட்ரான் உப்பில் சுமார் 40 நாள் மூடிவைப்பார்கள். துணி சுற்றுவதும் சேர்த்து மொத்தம் 70 நாள். ஈரம் மிஞ்சினால் அழுகும். உடல்மீது ஊற்றும் பிசின் தைலம் மிஞ்சினாலும் வம்புதான்: எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் உடல் தங்கப் பெட்டியோடு இறுகி ஒட்டிக்கொண்டது, 1925இல் ஆய்வாளர்கள் அதைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது.

இது முழுச் சடங்கு, வசதியுள்ளவர்களுக்கு. ஏழைகளைப் பாலைவன மணலில் புதைத்தார்கள்.