கால் மில்லிகிராம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது சின்ன மலைக்கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். நாலு மாதம் முன்னால் கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கமாகத் திருப்பி மண்ணில் முட்டி நிறுத்தினேன். எனக்குச் சிராய்ப்பு, கேரட் மூட்டைகள் ரோட்டில். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து ராத்திரி இரண்டரைக்கு அலாரம் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை நனைந்துபோகிறது. அந்த வளைவு வந்தால் மூச்சு முட்டுகிறது. ஹார்ட் என்று பயந்து இ.சி.ஜி. எடுத்தேன், நார்மல். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். காலையில் எஸ்சிட்டலோபிராம், இரவில் கிளோனாசெபாம் 0.25 எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

காலை மாத்திரை வயிற்றைப் புரட்டியது, பலனும் தெரியவில்லை. நாலு நாளில் விட்டுவிட்டேன். இரவு மாத்திரை அருமை. போட்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. 12 நாள் ஆயிற்று, அட்டையில் இன்னும் இரண்டு பாக்கி. சீட்டு இல்லாமலே வாங்கித் தருவதாக நண்பன் சொல்கிறான். அம்மாவோ அடிமையாகிவிடுவாய் என்று அழுகிறாள். 2009 மண்சரிவு பற்றிய கட்டுரையில் ‘அந்த வருடம் மாத்திரையில்தான் தூங்கினேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் மேலே போய்விட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். மாத்திரை போட்டு வண்டி ஓட்டுகிறவன் கோழையா? தொடரலாமா?

ம.

அன்புள்ள ம.,

அந்த ஒரு வரியோடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் வெட்கம்தான். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. குன்னூரில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச்சுவர் மட்டும் ராத்திரியில் சரிந்து அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்தது. நாங்கள் முன்னறையில் படுத்திருந்தோம். காலையில் பார்த்தால் இடுப்பளவு சேறு, அதன் மேலே முந்தின நாள் நான் கழுவிக் கவிழ்த்த குக்கர். நீங்கள் சொல்வதுபோலவே, நடந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே எழுந்து உட்கார ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் நிரம்பி வழிகிற சத்தத்துக்குக்கூட. குன்னூரில் மழைக்குப் பயந்தால் வருஷத்தில் எத்தனை நாள் தூங்க முடியும்?

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அல்பிரசோலம் 0.25 எழுதினார். சீட்டில் ‘10 நாள்’ என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். அந்தப் பத்து நாளும் நான் பட்ட நிம்மதியை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். தூங்கினேன், சமைத்தேன், வீட்டுக்காரரிடம் எரிந்து விழாமல் பேசினேன். பதினோராம் நாள், டாக்டரிடம் போவதற்குப் பதிலாக மருந்துக் கடைக்குப் போனேன். முதல் தடவை பழைய சீட்டைக் காட்டினேன். அப்புறம் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆகிவிட்டது. எட்டு மாதம். 0.25 என்பது 0.5 ஆகி, அதுவும் இரண்டாயிற்று. மழைக்காலம் என்பதால் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு பழகிவிட்டது, பழைய அளவு அதற்குப் பத்தவில்லை என்பது புத்தியில் ஏறவே இல்லை.

திருச்சியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது அட்டையைக் குன்னூரிலேயே மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் காபி டம்ளர் டபராவில் கிணிகிணி என்று அடித்துக்கொண்டது. ஏன் சத்தம் வருகிறது என்று பார்த்தால் என் கைதான். அடுப்படியில் மிக்ஸி ஓடுவது மண்டைக்குள் ஓடுவதுபோல இருந்தது. வேர்வை, குமட்டல், யாரோ துரத்துகிற மாதிரி ஒரு பதைப்பு. திருச்சியில் மழை இல்லை, மலை இல்லை, சரிவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. பின்னே எதற்குப் பயந்தேன்?

திரும்பி வந்து டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. ‘இது உங்கள் பழைய பயம் இல்லை. மாத்திரை கேட்கிற பயம்’ என்றார். அதைவிட முக்கியமாக, இத்தனை மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகும், இனி அப்படிச் செய்யாதீர்கள் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். மூன்றரை மாதம் ஆயிற்று. சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் மாத்திரையை வைத்து, நடுக்கோட்டில் பிளேடை வைத்து அழுத்துவேன். ஒரு பாதி நிற்கும், இன்னொரு பாதி தெறித்து அடுப்புக்கு அடியில் ஓடிவிடும். அரிசி அளவு மாத்திரையைத் தேடி அம்பது வயசை நெருங்குகிற ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துக் கிடப்பதை என் மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்த முதல் சிரிப்பு.

சரி, உங்கள் விஷயம். முதலில் கோழை என்ற சொல்லை எடுத்துவிடுவோம். 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரம் நட்டார்கள். அந்தப் பட்டையிலிருந்து வந்த கொய்னாதான் மலேரியாவுக்கு மருந்து. காய்ச்சலில் கொய்னா தின்றவனைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை, கசக்கிறது என்றுதான் சொன்னார்கள். மருந்து விளைந்த மலையில் உட்கார்ந்துகொண்டு மருந்துக்கு நாம் கூச்சப்படுகிறோம். உங்கள் அம்மாவின் பயம் வேறு. அது முட்டாள்தனமான பயம் இல்லை. அவர் எல்லா மாத்திரையையும் ஒன்றாக நினைத்துவிட்டார், உங்களுக்கு எழுதிக்கொடுத்தவையோ இரண்டு வெவ்வேறு சாதி மாத்திரைகள். இதை உங்களுக்கும் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கிளோனாசெபாம், அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது, 1963இல் வேலியம். அதற்கு முன்னால் கொடுத்துக்கொண்டிருந்த மருந்துகளைவிட ஆபத்து குறைவு என்பதால் உலகமே கொண்டாடியது. வருஷக்கணக்கில் விழுங்கிய பிறகுதான் விட முடியவில்லை என்று கண்டார்கள். 1988இல் பிரிட்டனில் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கே அறிவுரை போயிற்று. மூளையில் நரம்புகளின் ஓட்டத்தை அடக்குகிற ‘காபா’ என்ற ரசாயனம் உண்டு. இந்த மாத்திரைகள் அதன் பிடியை இறுக்குகின்றன. உங்கள் பாஷையில் சொன்னால் கால் பிரேக். மிதித்த உடனே பிடிக்கும். ஆனால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் கால் பிரேக்கிலேயே இறங்கினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்கா சொல்ல வேண்டும்? ஏறின கியரில் இறங்கு என்று மலையில் ஓட்டுகிறவர்கள் சொல்வார்களே, அந்தக் கியர்தான் காலையில் போடச் சொன்ன மாத்திரை.

எஸ்சிட்டலோபிராம் போட்ட அன்றைக்கே கேட்காது. பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், சிலருக்கு ஆறு வாரம். முதல் வாரத்தில் வயிறு புரட்டும், சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் பெரும்பாலும் இரவு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள், இரண்டு வாரத்துக்கு. நீங்கள் செய்தது என்ன? உடனே கேட்கிற மாத்திரையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்கிற மாத்திரையை விட்டுவிட்டீர்கள். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலில் மாட்டியவர்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்தார்கள். பலன் தெரிகிற மாத்திரைதான் மருந்து என்று யாருக்கும் தோன்றும்.

அடுத்தது, எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது. நீங்கள் இரண்டரைக்கு எழுந்து, மூன்று மணிக்கு இருட்டிலும் மூடுபனியிலும் இறங்குகிறீர்கள். கிளோனாசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டது மூன்று மணிக்குப் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தூக்கம் வருவதுபோல இல்லாவிட்டாலும், யானை குறுக்கே வந்தால் கால் பிரேக்குக்குப் போகிற அந்தக் கணம் தாமதப்படும். குஞ்சப்பனையில் பலாப்பழக் காலத்தில் யானை வரும் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்குத் தெரியும். லோடு வண்டி ஓட்டுகிறேன், அதுவும் இந்த நேரத்தில் என்று டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று என் மனசு சொல்கிறது. ‘என்ன வேலை?’ என்று கேட்டால் ‘விவசாயம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதுதான் நம் ஊர்ப் பழக்கம்.

குளிருக்கு ஒரு கட்டிங் போடுகிற பழக்கம் இருந்தால், இந்த மாத்திரை போடுகிற காலத்தில் ஒரு சொட்டுகூடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே மந்தமாகிவிடும். இதில் எந்தச் சமாதானமும் பேசாதீர்கள்.

நண்பன் சீட்டில்லாமல் வாங்கித் தருவதைப் பற்றி. நான் வாங்கிய காலத்திலேயே இதற்குச் சீட்டு வேண்டும், கடைக்காரர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலம் போன்றவற்றை ஹெச்-1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதையும் மீறி ஒருவர் கொடுக்கிறார் என்றால் அது உங்கள் மேல் உள்ள பிரியத்தினால் இல்லை. எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தையும் சேர்த்து அவர் மேலே போட்டுவிட்டேனோ என்றும் சில சமயம் தோன்றும்.

ஆகவே நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 12 நாள், அதுவும் கால் மில்லிகிராம், அதற்காக அடிமையாகிவிட்டோம் என்று பதற வேண்டாம். ஆனால் நான் டாக்டர் இல்லை, எப்படி நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும். இரண்டு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போங்கள், தீர்ந்த பிறகு இல்லை. காலை மாத்திரையை நாலாம் நாளே விட்டதையும், வண்டி ஓட்டுவதையும், எத்தனை மணிக்கு ஓட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச நாள் இரவு மாத்திரை வேண்டும் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று அங்கேயே கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். என் சீட்டில் அந்தத் தேதி இருந்தது. நான்தான் தாண்டிப் போனேன்.

அந்த டாக்டரைப் பார்க்க நாள் ஆகும் என்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ராத்திரி அலாரத்துக்கு முன்னால் நெஞ்சு அடிக்கும்போது பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு இல்லை, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை செய்யாத வேலை ஒன்று உண்டு, அந்த வளைவின் பயத்தைப் போக்குவது. அந்த வேலையை இரவு மாத்திரை மந்தப்படுத்தவும் செய்யும் என்கிறார்கள், ஏனென்றால் பயம் வந்து தானாக அடங்குவதை உடம்பு பார்த்துப் பழக வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. மழை பெய்யும்போது பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திண்ணையில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். எழுந்து உள்ளே ஓடக் கூடாது. முதல் நாள் நான் எட்டு நிமிஷம் தாங்கினேன். உங்களுக்கு டாக்டர் எப்படிச் சொல்வாரோ தெரியாது. பகலில், வண்டியில் லோடு இல்லாமல், பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பிக்கச் சொன்னாலும் சொல்வார். அதற்கு முன்னால் பிரேக்கை நல்ல மெக்கானிக்கிடம் முழுசாகப் பாருங்கள். பயத்தில் பாதி நியாயமானது, அதை மெக்கானிக்தான் தீர்க்க முடியும்.

டாக்டரைப் பார்க்கும்வரை ராத்திரி லோடு வேண்டாம். மண்டிக்காரரிடம் வண்டி ரிப்பேர் வேலையில் இருக்கிறது என்று சொன்னால் போதும், ஒரு வாரத்துக்கு வேறு யாராவது இறக்கட்டும். வாடகை போகும், தெரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எது அடிமையாக்கும், எது ஆக்காது என்று டாக்டர் வாயிலிருந்தே அவர் கேட்கட்டும். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
குன்னூர்