வாடகை வீடும் வளர்ப்பு நாயும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை வைத்தியரின் பதில்கள்

ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், துறைமுகத்தில் வேலை செய்வோர் என்று இடமாற்றத்தில் வருவோரும் போவோருமாகவே இருக்கும் ஊர் நமது. ஆண்டு தொடங்கும்போது வீடு மாறும் லொறிகளை எண்ணினால் தெரியும். அந்த லொறிகளில் ஏற்றப்படாத நாய்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால், பொதுவான நோய்களைப் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, வாடகை வீட்டில் நாய் வளர்ப்போரின் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

உவர்மலையில் ஓர் அனெக்ஸ் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கார அம்மா நாயைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குடிபோன பிறகு மெல்லச் சொல்லலாமா, ஐயா?

வேண்டாம் தங்கச்சி. முற்பணம் கைமாறும் முன்பே சொல்லிவிடுங்கள். புது வீட்டில் பெரும்பாலான நாய்கள் முதல் சில இரவுகள் உறங்குவதில்லை. மறைத்துக்கொண்டுபோன நாய் அன்றிரவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு அந்த அம்மாவுக்கு நாய்மேல் வருகிற கோபத்தைவிட உங்கள்மேல் வருகிற சந்தேகம் பெரிதாக இருக்கும். தண்ணீர்க் கட்டணத்தில்கூட உங்களை நம்ப மாட்டார்.

வீட்டுக்காரர்கள் அஞ்சுவது நான்கு விடயங்களுக்குத்தான்: மணம், குரைப்பு, கடி, கதவில் கீறல். அந்த நான்குக்கும் பதிலைக் கையோடு கொண்டுபோங்கள். தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். நாயின் வயது, ஊசி போட்ட திகதிகள், கருத்தடை செய்யப்பட்டதா, யாரையாவது கடித்ததுண்டா என்று உங்கள் கால்நடை வைத்தியரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிந்தால் அந்த அம்மாவை இப்போதிருக்கும் வீட்டுக்குத் தேநீருக்கு அழையுங்கள். கழுவிய விறாந்தையையும் அதன் மூலையில் படுத்திருக்கும் நாயையும் நேரில் பார்த்தவருக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

சம்மதித்தால், அதை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். ‘கபில நிறப் பெட்டை நாய் ஒன்று, வயது மூன்று, தடுப்பூசி அட்டையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது, கதவு, தரை, பூமரங்களுக்கு நாயால் ஏற்படும் சேதத்தைக் குடியிருப்பவரே திருத்திக் கொடுப்பார்’ என்ற அளவு போதும். வாய்ச்சொல்லில் தந்த சம்மதம் வெளிநாட்டிலிருந்து மகன் விடுமுறைக்கு வந்தவுடன் மாறிப்போன வீடுகளை நான் அறிவேன்.

ஒப்பந்தத்தில் ‘செல்லப்பிராணிகள் கூடாது’ என்று இருக்கிறது. சட்டம் எங்களுக்குத் துணை நிற்குமா?

கையெழுத்திட்ட வாசகம்தான் முன்னால் நிற்கும். வீட்டுக்காரரிடம் பேசி, அந்த வரியை மாற்றி இருவரும் கையெழுத்திடுவதே வழி. நாய் வைத்திருப்பவர் என்ற முறையில் உங்கள் கடமைகளும் சட்டத்தில் உண்டு. விசர்நோய்த் தடுப்பூசி போடுவதும், உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவதும் வெள்ளைக்காரர் காலம் தொட்டு வரும் சட்டங்கள். பதிவுச் சட்டம் 1901ஆம் ஆண்டினது. பதிவுத் துண்டும் ஊசி அட்டையும் கையிலிருந்தால் வீட்டுக்காரரிடம் பேசும்போதும் உங்கள் வார்த்தைக்குக் கனம் கூடும்.

முன்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம், பின்வளவு வீட்டில் நாங்கள். அவர்கள் முஸ்லிம்கள். கிணறும் கேற்றும் பொது. நல்ல மனிதர்கள், ஆனால் நாயைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். மனம் நோகாமல் எப்படி வளர்ப்பது?

இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. அவர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ வழியில், நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட பெரியவரின் சாரத்தில் உங்கள் நாய் அன்பாக மூக்கை வைத்துவிட்டால், அவர் திரும்பிப் போய்க் கழுவி, உடை மாற்றி, ஜமாஅத்தைத் தவறவிட வேண்டியிருக்கும். அந்த ஒரு மூக்கின் ஈரம் அவருக்கு அவ்வளவு வேலை.

ஆகவே தொழுகை நேரங்களில், முக்கியமாக விடிகாலைப் பாங்கு சொன்ன பிறகும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும், நாய் கட்டப்பட்டோ உள்ளேயோ இருக்கட்டும். நோன்பு மாதத்தில் இரவிலும் நடமாட்டம் இருக்கும். நாய்க்கென்று தனி வாளி, தனிக் கோப்பை வையுங்கள். கிணற்று வாளியை நாயின் அருகே கொண்டுபோக வேண்டாம். கிணற்றுக்கட்டில் நாயைக் குளிப்பாட்டவும் வேண்டாம்; அந்த நீர் அவர்கள் நடக்கும் பக்கம் ஓடக்கூடாது. இதையெல்லாம் நீங்களாகவே தீர்மானித்துவிடாமல், ‘எதுவரைக்கும் நாய் வரலாம் என்று நீங்களே காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

நான் ஊசி போடப் போய்வந்த ஒரு வளவில், கிணற்றடியிலிருந்து சற்றுத் தள்ளிப் பழைய மீன்வலையை நான்கு பூவரசங் கதியால்களில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நாய், இந்தப் பக்கம் உலரப்போட்ட தொழுகைப் பாய்கள். கதியால் வெட்டிக் கொடுத்தவர் வீட்டுக்கார ஹாஜியார்தான். அடுத்த மாரியில் கதியால்கள் துளிர்த்து இலை விட்டிருந்தன.

இருவரும் காலை வேலைக்குப் போனால் மாலைதான் வருவோம். நாள் முழுக்க நாய் ஊளையிடுகிறது என்று அயலவர்கள் வீட்டுக்காரரிடம் முறையிட்டுவிட்டார்கள்.

அது பயத்தில் கத்துகிறது, அடிக்காதீர்கள். விடுமுறை நாளொன்றில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள், பிறகு பத்து, பிறகு அரை மணித்தியாலம். போகும்போதும் வரும்போதும் பெரிய வழியனுப்பும் வரவேற்பும் வேண்டாம். விடிகாலையில் அரை மணித்தியாலமாவது நடத்திக்கொண்டு போங்கள். புறப்படும்போது காலை உணவைக் கோப்பையில் வைக்காமல் முற்றத்து மணலில் சிறு துண்டுகளாகத் தூவிவிடுங்கள். அதைத் தேடி முகர்ந்து தின்று முடிப்பதற்குள் நாய் களைத்துப் படுத்துவிடும். கேற்றின் கீழ்ப்பகுதியைத் தகரத்தால் மறைத்தால் தெருவில் போவோரைப் பார்த்துக் குரைப்பதும் குறையும். இரண்டு மூன்று வாரம் பொறுக்கும்படி அயலவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

அலஸ்தோட்டத்தில் வாடகை வீடு. சுவரில் உண்ணி ஏறுகிறது! வீட்டுக்காரர் கண்டால் அன்றே எழுப்பிவிடுவார். நாய்க்கு மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

மருந்து நாய்க்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போடவில்லை. இரவில் டோர்ச் எடுத்து, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பில் அடித்துப் பாருங்கள். இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் கசகசா கொட்டியதுபோலக் கபில நிறத்தில் கிடப்பவை முட்டைகள். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடும். நம் ஊர் நாய்களில் ஒட்டும் பழுப்பு உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. குடித்து முடித்ததும் நாயிலிருந்து இறங்கி, சுவரேறி, வெடிப்பு தேடி முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் அவை இறங்கி வந்து மீண்டும் நாயில் ஏறும். இந்தச் சுற்று அறுபடாதவரை நீங்கள் எத்தனை உண்ணி பிடுங்கினாலும் தீராது.

நாய்க்கு உண்ணி மாத்திரையோ பிடரியில் விடும் மருந்தோ, எடைக்கேற்ப வைத்தியரிடம் கேட்டு, தவணை தவறாமல் குறைந்தது மூன்று மாதம் கொடுங்கள். அதே நாட்களில் வெடிப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து வெள்ளைச் சீமெந்தால் அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போடுங்கள். கட்டில் கால், படங்களின் பின்புறம், மின்விளக்கு ஆளியின் ஓரம் எதையும் விடாதீர்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் பூசுவதையும், வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதையும் கைகூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். வாயில் நுரை தள்ளி, கால்கள் வெட்டி இழுக்க, மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லாம் உண்ணி போகட்டும் என்று அன்பினால் செய்ததுதான்.

நாய் சாப்பிடாமல் படுத்து, ஈறு வெளிறி, மூக்கால் இரத்தம் வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே கொண்டுபோங்கள். வீட்டிலிருக்கும் பரசிற்றமோலை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். நாயின் ஈரலை அது கெடுக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், வெடிப்பு அடைக்கும் செலவு என்னுடையது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சிறுநீர் மணம் போகவில்லை. பினைல் போட்டுக் கழுவியும் அதே மூலையில் போகிறது.

பினைல் உங்கள் மூக்குக்கு மறைக்கிறது, நாயின் மூக்குக்கு மறைக்கவில்லை. முதலில் தண்ணீரால் கழுவி, வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊற்றிச் சற்றுநேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு அந்த மூலையிலேயே சில நாள் சாப்பாட்டுக் கோப்பையை வையுங்கள். சாப்பிடும் இடத்தை நாய் அசுத்தம் செய்ய விரும்பாது. பளிங்குத் தரையில் வினாகிரி படக்கூடாது.

கச்சான் வீசும் மாதங்களில் பின்பக்கத்துச் சீற் கூரைக்குக் கீழ்தான் நாயைக் கட்ட வீட்டுக்காரர் அனுமதிக்கிறார். தாங்குமா?

நண்பகலில் தாங்காது. உடம்பு முழுவதும் வியர்த்துச் சூட்டை இறக்க நாயால் முடியாது; மூச்சிரைத்துத்தான் இறக்கும். சீற்றுக்குக் கீழே காற்றே கொதிக்கும்போது மூச்சிரைத்தும் பயனில்லை. வேப்ப மரமோ மதில் நிழலோ இருந்தால் அங்கே கட்டக் கேளுங்கள். இல்லாவிட்டால் கூரைக்குமேல் கிடுகு பரப்புங்கள், அதற்கு எந்த வீட்டுக்காரரும் மறுப்புச் சொல்ல மாட்டார். கவிழாத மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாக வடிந்து, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த கிணற்று நீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் போங்கள்.

பெட்டை நாய். பருவத்துக்கு வந்தால் தெருக் கடுவன்கள் எல்லாம் கேற்றடியில். வீட்டுக்காரர் இறுதி எச்சரிக்கை தந்துவிட்டார்.

கருத்தடை செய்யுங்கள். வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய மூன்று வாரம் இந்தக் கூட்டம் வரும். சினைப்பட்டால் 63 நாளில் வாடகை வீட்டில் ஆறேழு குட்டிகள். இலவச முகாம்கள் அவ்வப்போது நடக்கும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவையுங்கள்.

நான் வீட்டுச் சொந்தக்காரன். வாடகைக்கு இருப்போரின் நாய் என் பேரனின் காலில் பல் பதித்துவிட்டது. ஊசி போட்ட நாய்தான் என்கிறார்கள். அப்படியே விடலாமா?

விட வேண்டாம் ஐயா. இதை வாசிக்கும்போதே எழுந்து போய், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். இன்றே பெரியாஸ்பத்திரிக்குப் பேரனைக் கொண்டுபோங்கள், நாயின் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி தேவையா என்பதை அங்குள்ள வைத்தியர் முடிவு செய்வார். விசர்நோய் அறிகுறி காட்டிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நாயை அடித்துக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம். 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் அது நலமாக இருப்பதே உங்கள் பேரனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஆறுதல். நாய் காணாமற்போனால் அந்த ஆறுதலும் போய்விடும்.

முற்றம் இல்லாத வீடு. காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். கவனிக்க வேண்டியவை?

கயிற்றை அவிழ்க்காதீர்கள். டச்சு விரிகுடாப் பக்கம் புள்ளிமான்கள் வெளியே உலவும். துரத்தப்பட்ட மான் வீதிக்குக் குறுக்கே பாய்ந்து வாகனத்தில் அடிபடும். கரைவலை இழுக்கும் இடத்தில் மீன்குடலும் தூண்டிலும் கிடக்கும். தூண்டிலை விழுங்கிய நாயின் வாயிலிருந்து நைலோன் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. இழுத்தால் கொளுக்கி உள்ளே கிழித்துவிடும். நூலைக் கழுத்துப்பட்டியில் தளர்வாகக் கட்டி அப்படியே கொண்டு வாருங்கள்.

கொழும்புக்கு இடமாற்றம். அங்கே மாடிக்குடியிருப்பில் நாய் கூடாதாம். இங்கே அயலில் எல்லோரும் சோறு வைப்பார்கள். விட்டுப்போனால் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

பிழைத்துக்கொள்ளாது. முதல் வாரம் சோறு வைப்பார்கள். நாய் சோற்றைத் தொடாமல் பூட்டிய கேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு கிடக்கும். புதிதாகக் குடிவருவோர் துரத்துவார்கள். தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் விடாது. ஒரு மாதத்துக்குள் என் மேசைக்கு வரும், அல்லது வராமலே போகும்.

முதலில், வீட்டை இன்னும் தேடுங்கள். நகரின் நடுவில் கிடைக்காவிட்டாலும் வத்தளைப் பக்கம் முற்றத்தோடு கீழ்வீடுகள் உண்டு. பஸ்ஸில் கூடுதல் நேரம் போகலாம். அதற்கும் வழியில்லை என்றால், உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் ஒப்படையுங்கள். கடைசி நாளில் கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பே அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி, அவர்கள் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் நாயோடு அங்கே போய்ப் பாதி நாள் இருங்கள். அதன் படுக்கைச் சாக்கைத் துவைக்காமல் கொடுங்கள், உங்கள் வீட்டு மணம் அதிலிருக்கும்.

கூட்டிப்போவதாக முடிவெடுத்தால், கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வான்தான் வசதி. புறப்படுவதற்கு நான்கு மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். ஹபரணையில் நிறுத்தி இறக்குங்கள். கதவைத் திறக்கும் முன் கயிறு கழுத்தில் இருக்கட்டும். புது வீட்டில் இரண்டு வாரத்துக்குக் கயிறில்லாமல் வெளியே விடவே வேண்டாம். பழைய வீட்டைத் தேடி ஓடும். கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையால் எழுதுவதை, வான் வருவதற்கு முதல்நாளே முடித்துவிடுங்கள்.