அக்கி காய்ந்த பிறகு சிறுநீர் ஏன் அடைக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பத்து நாள் முன்பு இடது புட்டத்திலிருந்து விதைப்பை வரை அக்கி வந்தது. காவி எழுதினோம், கொப்புளம் காய்ந்துவிட்டது. ஆனால் அடிவயிறு உப்பி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. யூரின் ட்யூப் போட்டதும் 900 மில்லி வந்தது. ப்ராஸ்டேட் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். இதற்கும் அக்கிக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, திருவாரூர்

பதில்: அக்கி வந்த இடத்தைப் பார்த்தால், சம்பந்தம் இருக்கவே வாய்ப்பு அதிகம். புட்டம், பிறப்புறுப்புத் தோலுக்கு வரும் 2, 3, 4ஆம் திரிக நரம்புகள்தான் (முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வருபவை) சிறுநீர்ப்பையைச் சுருங்க வைப்பவையும். அக்கியை உண்டாக்கும் சின்னம்மை வைரஸ் அவற்றின் வேரில் கிளம்பினால் பை நிரம்புவதும் தெரியாது, சுருங்கவும் செய்யாது. ஒழுகியது நிரம்பி வழிந்த சிறுநீர். வழக்கக் கொள்ளளவு 400-500 மில்லி. 900 என்றால் பைச்சுவர் மிகவும் இழுபட்டிருக்கிறது.

பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்தில் நரம்பு மீளும். ப்ராஸ்டேட் வீக்கமும் கூடவே இருக்கலாம். ஆனாலும் அதற்குள் கத்தி வைக்க அவசரமில்லை. பி.எஸ்.ஏ. என்ற ப்ராஸ்டேட் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடுங்கள், அடைப்பும் ட்யூபுமே அந்த அளவை ஏற்றிக் காட்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை மட்டும் இப்போதே பாருங்கள்.

ட்யூபை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் கிருமி ஏறும். சில நாள் கழித்து எடுத்துவிட்டு, 4-6 மணிக்கு ஒருமுறை தாமே ட்யூப் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை நர்ஸிடம் கற்கட்டும். 12 அல்லது 14ஆம் எண் ட்யூப், தாராளமாக ஜெல்லி. ஆணுறுப்பை மேல்நோக்கிப் பிடித்து, சிறுநீர் வந்த பிறகும் 2 செ.மீ. உள்ளே செலுத்த வேண்டும். தடுத்தால் அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் அளவைக் குறியுங்கள்: 500 மில்லி தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். தானாகப் போன பின் மீதம் 100 மில்லிக்குக் கீழேயே தொடர்ந்து இருந்தால், டாக்டரிடம் காட்டி நிறுத்தலாம்.

அக்கி வலிக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார்களா? அது பையை இன்னும் தளர்த்தும். மாற்றித் தரக் கேளுங்கள். சளி மாத்திரையும் மலச்சிக்கலும் அடைப்பைக் கூட்டும்.

காவி தோலோடு சரி. வைரஸுக்கான மாத்திரை அசைக்ளோவிர்: 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள் என்பது வழக்கமான அளவு. முதல் 72 மணி நேரத்தில் தொடங்கினால்தான் பலன் அதிகம். பை பாதித்திருப்பதால் இப்போதும் தரலாமா என்பதை, கிரியாட்டினின் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

கால் தளர்ந்தாலோ, இரு பக்கமும் மரத்தாலோ அன்றே எம்.ஆர்.ஐ. தேவை, தண்டுவடமே வீங்கியிருக்கலாம். குளிர்க்காய்ச்சல் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.